கரி கேஸ் வேனில் குறை இல்லை என்று சொன்னேன்

பிள்ளைகளே,

போன கிழமை ஒருவர் கேஸ் சிலிண்டர் பூட்டிய காரைக் கொண்டுவந்து நம் கராஜில் நிறுத்தினார். கேஸ் அடித்துக்கொண்டு வந்தால் முதல் இரண்டு மைல் கார் இழுக்க மாட்டேன் என்கிறது, உள்ளே இருக்கவும் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். நீங்கள் பொனெட்டைத் திறந்து பார்த்தீர்கள். சோப்பு நுரை போட்டுக் குழாய்களைப் பார்த்தீர்கள். ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தீர்கள். அதெல்லாம் சரி. பிறகு, "கார்ல ஒரு குறையும் இல்ல, நீங்க கேஸ் அடிக்கிற விதம்தான் பிழை" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டீர்கள். எப்படி அடிக்கிறீர்கள், எங்கே அடிக்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் பின்பக்கம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். வந்த கோபத்தில் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பேசினால் சண்டையாகும் என்றுதான் எழுதுகிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் படியுங்கள். கராஜில் வேலை பழகுகிற மற்றவர்களும் படியுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் போகாதவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்ல வந்ததைத் திருத்த வேண்டாம்.

நீங்கள் சொன்ன அதே வார்த்தையை நானும் ஒரு நாள் சொன்னேன். அதனால் ஒரு மனிதனுக்கு வேலையும் வீடும் போகப் பார்த்தது.

பெற்றோல் விலை ஒரேயடியாக ஏறிய காலம் அது. பாண் வாங்க விடியுமுன் வரிசையில் நின்ற காலமும் அதுதான். மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜில் நான் வேலை செய்தேன். முதலாளி என்றும் நானா என்றும் கூப்பிடுவோம். ரத்தோட்டைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்தில் ஒரே ஒரு வேன்தான். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதும் அரிசியும் மாவும் கொண்டுவருவதும் அந்த வேனில்தான். அதைக் கரியில் ஓட வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

கரி கேஸ் உங்களில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்து உலக யுத்தத்தில் பெற்றோல் கிடைக்காதபோது பஸ்ஸும் லொறியும் அதில் ஓடின. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு நிற்கும். மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்ட வேண்டும். அடியில் குறைந்த காற்றில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து வருகிற கேஸை எஞ்சின் இழுத்துக்கொள்ளும். தோட்டத்துப் பழைய இரும்புக் குவியலில் அப்படி ஒரு அடுப்பு கிடந்தது. அதைப் பிரித்து, ஓட்டை அடைத்து, மூடிக்குப் புதுக் கயிறு சுற்றி வேனில் பூட்டியவன் நான். கலேவெல பக்கமிருந்து வந்த தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் போட்டு, மாத்தளையிலிருந்து நாலந்தை வரை போய்த் திரும்பினேன். தும்மவில்லை, இருமவில்லை. நானா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், தையல் மெஷின் மாதிரி ஓடுது" என்றார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

அந்தப் பெருமையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நம் கையால் செய்த சாமானில் பிழை இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் அவன் நமக்கு எதிரியாகிவிடுகிறான். அவன் சொல்வது காதில் ஏறுவதே இல்லை.

வேன் டிரைவர் மாரிமுத்து. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணன் என்பேன். அவர் என்னைப் பாஸ் என்பார்; தொழில் தெரிந்தவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். மாத்தளை அம்மன் தேருக்கு நேர்ந்துகொண்டு குடியை விட்டவர். விட்டு இரண்டு வருடம். அது தோட்டம் முழுக்கத் தெரியும். முன்னால் குடித்தார் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

வேனைக் கொடுத்து மூன்றாவது கிழமை அவர் கராஜுக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். முகம் சிவந்து வீங்கின மாதிரி இருந்தது.

"பாஸ், கரி போட்டுட்டு எறங்குனா தல இடிக்குது. ரெண்டு மூணு வளைவு வரைக்கும் கண்ணே சரியாத் தெரியல. கால் பின்னுது."

"காலையில சாப்பிட்டீங்களா அண்ணே?"

"ரொட்டி தின்னுட்டுத்தான் வர்றேன். வேற யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?"

நான் ஒரு லொறிக்கு அடியில் படுத்திருந்தேன். எழுந்திருக்கக்கூட இல்லை. அங்கிருந்தபடியே, "கரிக்குப் போதை ஏறாது அண்ணே. நீங்க அம்மன்கிட்ட சொன்னத நெனச்சுக்கங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? "சரி பாஸ், வேலயப் பாருங்க" என்று போய்விட்டார்.

அன்று லொறிக்கு அடியிலிருந்து வெளியே வந்து இரண்டே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். எங்கே வைத்துக் கரி போடுகிறீர்கள், யார் பக்கத்தில் நிற்கிறார்கள். அவ்வளவுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாலு நாள் கழித்து வேன் மண்மேட்டில் இடித்தது. ரத்தோட்டைக்கு இறங்குகிற பாதை, காலை நேரம். உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு பிள்ளைத்தாய்ச்சி. நல்ல வேளை, மேட்டுப் பக்கம் இடித்தது, பள்ளத்துப் பக்கம் சாயவில்லை. அந்தப் பெண்ணுக்கு நெற்றியில் காயம். மாரிமுத்து கதவைத் திறந்து இறங்கி, தள்ளாடிப்போய், வடிகாலில் வாந்தி எடுத்தாராம். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் முழுப் பேரும் பார்த்திருக்கிறார்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வேனைத் தோட்டத்து முற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிரேக் பார்த்தேன், ஸ்டியரிங் பார்த்தேன். அடுப்பில் கரி போட்டு ஓட்டினேன். முற்றத்தில் நல்ல காற்று. வேன் சொன்னபடி கேட்டது. துரையின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு பக்கம் மாரிமுத்து நின்றார், துவாய்த் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

"பாஸ், வேன்ல பிழை இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லு" என்றார் துரை.

"வண்டியில ஒரு குறையும் இல்லைங்க சார்."

மாரிமுத்து என்னை ஒரு தரம் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

துரை அங்கேயே சொல்லிவிட்டார். இனி வேலை இல்லை. மாதக் கடைசிக்குள், தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். குடித்ததற்காக நீக்கினோம் என்று பற்றுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். லயத்தில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். அந்தத் துண்டோடு வெளியே போகிறவனை வேறு தோட்டத்திலும் எடுக்க மாட்டார்கள். மாரிமுத்துவுக்கு மனைவி செல்லம்மாவும் மூன்று பிள்ளைகளும். டவுனில் ஒரு சொந்தமும் இல்லை. அப்போது ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாதவன் பெயர்தான் அந்தப் பட்டியலில் முதலில் ஏறும். கண்ணால் பார்க்காத ஊருக்கு அந்த ஐந்து பேரும் போக வேண்டி வரும். நான் சொன்ன ஒரே ஒரு வரியால்.

அதற்குப் பிறகு வேனுக்குப் புது டிரைவர் கிடைக்கவில்லை. துரை லொறி டிரைவரைப் போடச் சொன்னார். கரி போடுகிற விதத்தை அவருக்குக் காட்டிவிட்டு வரும்படி நானா என்னை அனுப்பினார். நான் போன அன்று அந்த டிரைவர் கண்டிப் பக்கம் போயிருந்தார். வர நேரமாகும் என்று நானே கரி போட ஆரம்பித்தேன். அன்று காலை முழுக்க மிஸ்டு இறங்கி, பக்கத்தில் நிற்கிறவன் தெரியவில்லை.

வேனைக் கொடுத்த நாளிலிருந்து தோட்டத்தில் கரி எங்கே போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அதுதான் என் பிழை, வேறொன்றுமில்லை. தேயிலை இருக்கிற இடத்தில் ஒரு நாற்றம், ஒரு தூசு இருக்கக் கூடாது. சவர்க்காரப் பெட்டியைக்கூடப் பக்கத்தில் வைக்க விடமாட்டார்கள். முற்றத்தில் போட்டால் கரித்தூள் பறந்து கொழுந்தில் படிகிறது என்று தேயிலை ஆலை பார்க்கிற டீமேக்கர் சத்தம் போட்டிருக்கிறார். கொழும்பில் தேயிலையை வாயில் வைத்துப் பார்க்கிறவர்கள் புகை வாசம் என்று தள்ளிவிட்டால் தோட்டத்துக்கே பெயர் கெட்டுவிடும். அதனால் கரி போடுகிற வேலையைப் பழைய உரக் காம்பராவுக்குள் மாற்றிவிட்டார்கள். தகரக் கூரை, கல் சுவர், ஜன்னல் இல்லை. வேனைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, தூள் வெளியே போகாமல் இரட்டைக் கதவையும் சாத்திவிட வேண்டும். தேயிலைக்கு அவ்வளவு கவனம். உள்ளே நிற்கிற ஆளைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

சாவி ஆபீஸ் கிளாக்கர் ஒருவரிடம் இருந்தது. நல்ல மனிதர். சாக்கைக் காட்டிவிட்டு வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். வெள்ளைக் கால்சட்டையில் கரி படும் என்று பயம்.

மூடியைத் திறந்து கரியைக் கொட்டினேன். மூடினேன். பிறகு கையால் சுற்றுகிற விசிறி ஒன்று இருக்கிறது. கேஸ் நன்றாக வரும் வரை அதைச் சுற்ற வேண்டும். வருகிற கேஸ் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே போகும். அந்த வாயில் தீக்குச்சி காட்டினால் நீலமாகப் பிடிக்க வேண்டும். பிடித்தால் எஞ்சினை எழுப்பலாம். கராஜ் முற்றத்தில் எத்தனையோ தரம் செய்த வேலை. அங்கே அது வானத்துக்குப் போனது. இங்கே எங்கே போகும்?

எனக்கு அப்போதும் புத்தி ஓடவில்லை. சுற்றிக்கொண்டே நின்றேன். நெற்றிப்பொட்டு தெறித்தது. ராத்திரி சரியாகத் தூங்காததால் என்று நினைத்தேன். தீக்குச்சியை எடுக்கப் போனால் பெட்டி விரலுக்குள் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். வாயெல்லாம் தண்ணீர் ஊறியது.

கிளாக்கர் சிரித்தார். "என்ன பாஸ், நீங்களும் போட்டுக்கிட்டு வந்துட்டீங்களா?"



"இந்தக் கரி வந்ததுல ஒரு நல்லது பாஸ்" என்று அவர் பாட்டுக்குப் பேசினார். "முன்ன எலித் தொல்ல தாங்க ஏலாது. ஒரு சாக்கு மிச்சம் வைக்காது. இப்ப காலையில தொறந்தா ரெண்டு மூணு செத்துக் கெடக்கும். மருந்து வைக்கவே தேவயில்ல."

பிள்ளைகளே, நான் அந்தப் படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. யுத்த காலத்தில் கேஸ் பஸ் ஓட்டியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மூடின இடத்தில் அடுப்பைத் திறக்காதே என்று. கேட்டது எனக்கு நினைவு இருந்தது. ஆனால் அந்த அறிவு என் மூளையில் ஒரு மூலையில் கிடந்தது, மாரிமுத்து சொன்ன தலைவலி இன்னொரு மூலையில் கிடந்தது. இரண்டையும் சேர்க்க நான் விடவில்லை. சேர்த்தால் குறை என் வேலையில் என்று வருமே. கரி கேஸுக்கு நிறம் இல்லை, மணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் மூச்சில் போனால் குடித்தவன் மாதிரி ஆகும். கூடப் போனால் எழுந்திருக்க முடியாது.

உடனே துரையிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. உள்ளே நெருப்புப் பிடிக்கும், இனி வெளியே வைத்துக் கரி போடுங்கள் என்று மட்டும் கிளாக்கரிடம் சொல்லிவிட்டு பஸ் பிடித்துக் கீழே வந்துவிட்டேன். துரையின் மேசை முன்னால் போய், அன்று சொன்னது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தேன். காலி பண்ண இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை நானாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டார்.

"கரிய வெளியில வச்சிப் போடச் சொல்லியாச்சு தானே? இனி ஒத்தருக்கும் ஒண்டும் ஆகாது. எதுக்கு இப்ப கெளறுறது? இன்னம் மூணு தோட்டத்துல அடுப்பு பூட்டக் கேட்டிருக்காங்க. இதக் கேள்விப்பட்டா ஒத்தன் வருவானா?"

"அவரு குடிக்கல நானா. நாந்தான் குடிச்சாருன்னு சொல்லிட்டேன்."

"நீங்க எங்க சொன்ன? வண்டியில குறை இல்லேண்டுதானே சொன்ன?"

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் நானாவின் மேல் இல்லை. அந்தச் சாக்குப்போக்கை நான் இரண்டு ராத்திரி எனக்கே சொல்லிப் பார்த்திருந்தேன். வேறு ஆள் வாயால் கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேடுகெட்ட பேச்சு என்று தெரிந்தது. வண்டியில் குறை இல்லை என்றால் ஓட்டுகிறவனில் குறை. எங்கள் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டேன். நானா நாற்காலியை விட்டு எழுந்தார். "போறதுண்டா போங்க" என்றார். "களவாப் போவாதீங்க. எண்ட கராஜ்லேர்ந்து வந்தேண்டு சொல்லியே பேசுங்க."

துரை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ இதே எடத்துல நின்னு குறை இல்லேன்னு சொன்ன. இப்ப இருக்குங்குற. எதப் பொய்ன்னு நான் எடுத்துக்கிறது?" என்றார்.

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய்ங்க சார். தெரியாமச் சொன்ன பொய்."

"டிரைவர் ஒனக்குச் சொந்தமா?"

"இல்லைங்க சார்."

"சொந்தமில்லாம எதுக்கு வர்ற? ஆளுக்கு ஆள் கதை சொன்னா நான் ஒவ்வொரு கிழமையும் போட்ட ஓடரை மாத்த ஏலாது. போ."

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன். நீங்கள் செய்யவே கூடாத வேலை. "சார், என் வாய மோந்து பாருங்க" என்றேன். "நான் இப்ப உள்ள போறேன். டிரைவர் செஞ்ச மாதிரியே கரி போடுறேன். கதவச் சாத்துங்க. கால் மணி நேரம் கழிச்சுத் தொறந்து என்னை நடக்கச் சொல்லிப் பாருங்க."

துரை நம்பவில்லை, ஆனால் வேடிக்கை பார்க்க எழுந்து வந்தார். கிளாக்கரை என் வாயை முகரச் சொன்னார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே முகர்ந்து, "பிளேன்டீதான் சார்" என்றார். கதவைச் சாத்தினார்கள். நான் கரி கொட்டி, விசிறி சுற்ற ஆரம்பித்தேன். என்ன செய்கிறோம் என்று தெரிந்து நின்றதால் பயம் வந்தது. பயத்தில் மூச்சு வேகமாக வாங்கியது, அது இன்னும் கேடு. கதவு எப்போது திறந்தது என்று நினைவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"வடிகால் ஓரமா அந்தக் கல்லு வரைக்கும் நட" என்றார் துரை.

மூன்றடி நடந்து முழங்காலில் விழுந்தேன்.

"ஒன் முதலாளி பேரு என்ன?"

பதினோரு வருடம் ஒரே கராஜில் இருந்தவன். பெயர் வரவில்லை. நாக்கு சுருண்டது. பிறகு பாதை ஓரத்திலேயே வாந்தி எடுத்தேன். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒரு அம்மா சத்தமாகவே சொன்னார், "நம்ம மாரிமுத்துக்கு வந்த மாதிரியே இருக்குடி."

அதை வீரம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். கிளாக்கர் கடிகாரத்தைப் பார்க்க மறந்து யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் என்னை அங்கேயே புதைத்திருப்பார்கள், உங்களில் இரண்டு பேர் பிறந்தே இருக்க மாட்டீர்கள். பொறியில் பிடித்த எலி ஒன்றைக் கூட்டோடு உள்ளே வைத்துக் காட்டியிருந்தால் போதும். கோபம் வந்தவனுக்கு அந்த யோசனை வராது. எனக்கு வரவில்லை.

துரை உள்ளே போய் எழுதினார். கிளாக்கர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துச் சொன்னார். டிரைவர் மாரிமுத்துவை இந்த ஒரு முறை மன்னித்து வேலைக்கு எடுக்கிறோம். இனிமேல் வேலை நேரத்தில் குடித்தால் மன்னிப்பு இல்லை.

தலை வெடித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து நின்றுவிட்டேன். "குடிக்கலேன்னுதானே சார் இப்பக் காட்டினேன்."

துரை வராந்தாவில் நின்று பைப்பைத் தட்டினார். "வேலை கெடச்சிருச்சு தானே? வீடும் இருக்கு. இன்னம் என்ன வேணும் ஒங்களுக்கு?"

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார். தன் ஓடர் பிழை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவருக்கு அந்த ஓடரை எழுதக் கை கொடுத்தவன் நான். நான் மட்டும் ஒழுங்கா?

கடிதத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். மாரிமுத்துவின் காம்பரா வாசலில் சாமான் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு தகரப் பெட்டி, அம்மி, பாய்ச் சுருள். மாரிமுத்து கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி பாஸ்" என்றார். 

செல்லம்மா விறகைப் பிளந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார், "என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். மன்னிப்பு என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது.

"மன்னிச்சாரா? எத?" என்றார். "பதினெட்டு நாளா நானே இவருகூடப் பேசல, தெரியுமா? கோயில்ல சத்தியம் பண்ணிட்டு மறுபடி குடிச்சிட்டாருன்னு. சோத்த வச்சிட்டுத் திரும்பிக்குவேன். பெரிய புள்ள அப்பாகிட்ட போய் வாய ஊதிக் காட்டச் சொன்னிச்சு. ஊதிக் காட்டுனாரு. நான் அதையும் நம்பல."

"விடு புள்ள" என்றார் மாரிமுத்து.

"ஏன் விடணும்? பாஸ்காரர்தானே சொன்னாரு வண்டியில ஒண்ணும் இல்லேன்னு."

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன். பிழை. நானே எழுதித் தர்றேன், கையெழுத்துப் போட்டு. இப்பவே ஒங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் இப்ப தெரிஞ்சு போச்சே." கத்தியால் மேட்டுப் பக்கம் காட்டினார். "காலையில பேர் கூப்பிடுற பிரட்டுக் களத்துல வச்சித்தான் இவரக் குடிகாரன்னு சொன்னாங்க. படிக்கிறதுன்னா அங்க போய்ப் படிங்க."

அன்று என்னால் மலை இறங்க முடியவில்லை. அவிழ்க்காத பாய்ச் சுருள்களுக்குப் பக்கத்தில் அவர்கள் கொடுத்த சாக்கில் படுத்துக்கொண்டேன். பெரிய பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். நாலு வரி எழுத இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு தரமும் பேனா, "தெரியாமல்" என்றும் "எதிர்பாராமல்" என்றும் எழுதப் பார்த்தது. அவற்றை எல்லாம் வெட்டினேன்.

விடிய ஆறு மணிக்குப் பிரட்டுக்கு ஆள் கூடினார்கள். பெண்கள் கூடையோடும் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கோடும் வரிசையில், ஆண்கள் மண் கொத்துகிற முள்ளோடும் கத்தியோடும். பெரிய கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் முன்னால் போய், ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றேன். துரையிடம் கேட்டாயா என்றார். இல்லை என்றேன். அவர் வராந்தா பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றை வழிக்கப் போகிறவர் மாதிரி எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார். மாரிமுத்து ஆண்கள் வரிசையில் கடைசியில் நின்றார். செல்லம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையின் பின்னால் நின்றார்.

தாளை விரித்தேன்.   

"நான் மாத்தளை கராஜ்ல வேலை செய்ற பாஸ்" என்று படித்தேன். "இந்த வேனுக்குக் கரி அடுப்புப் பூட்டினவன் நான். கதவு சாத்தின காம்பராவுல கரி போட்டா ஆளை மயக்கும். அத நான் பார்க்கல, கேட்டதுக்கும் பதில் சொல்லல. மாரிமுத்து அண்ணன் குடிக்கல. வண்டியில குறை இருந்திச்சு. அந்தக் குறை என்னுது."

 மிஸ்டுக்குள் யாரோ இருமினார்கள்.

"கேக்கல பாஸ்" என்று பெண்கள் வரிசையின் பின்னாலிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. "சத்தமாப் படிங்க."

தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன்.